ஒரு சொருகலில் நிற்காத சம்பந்தம்

தண்டையார்பேட்டையில் தகரம் போட்ட ஒரு கொட்டகையை இரும்புக் கயிற்றுப் பட்டறையாக ஆக்கியவன் நான். பிறகு அதே பட்டறைக்குக் கான்கிரீட் போட்டவனும் நான்தான். ராயபுரத்தில் மூன்று மாடி வீடு கட்டினேன். கடல் காற்று தின்னாமல் இருக்க ஜன்னல் கம்பிக்கு எந்தப் பெயிண்டு அடிக்க வேண்டும் என்று இஞ்சினீயருக்கே சொல்லிக் கொடுத்தேன். எங்கள் மாதா கோவில் மணியை இறக்கிப் பழுது பார்த்து ஏற்ற வேண்டி வந்தபோது, வெளியூரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துப் போய்விட்டார்கள். என் பட்டறைக் கயிறு நாலு போட்டு நான் ஏற்றினேன். இன்றைக்கும் அடிக்கிறது, காலையில் கேட்கலாம். எண்ணூரில் கிரேன் தூக்குகிற சரக்கில் எத்தனையோ என் கயிற்றில்தான் தொங்குகிறது. இரண்டு பையன்களைத் தொழிலில் உட்கார வைத்தேன். பெண்ணைக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவளாக ஆக்கினேன். இத்தனையும் ஐந்தாம் வகுப்பில் பாதி வரைக்கும் போனவன் செய்தது. இடது கை ஆள்காட்டி விரலில் பாதியைக் கயிறு எடுத்துக்கொண்டது. மீதி ஒன்பதரை விரலால் செய்தது.

இந்த வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், ஒரு புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தைக் கட்டியிருக்கிறேன்.

புத்தகம் என் மகள் எழுதியது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போலந்து, செக், கீவ் என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று ராஜ வம்சங்கள் எப்படிக் கூட்டு சேர்ந்தன, எப்படி அடித்துக்கொண்டன என்பதுதான் விஷயம். அச்சுக்குப் போகும் முன்னால் திருத்திக் கொடுக்கச் சொல்லி வந்த தாள் கட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி முதலிலிருந்து படித்தேன். நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர் இருக்கிறார். டைப் அடித்துக் கொடுத்த பெண் இருக்கிறார். கடைசி வரியில், "பொறுமையோடு காத்திருந்த என் பெற்றோருக்கு" என்று போட்டிருக்கிறது.

நான் எங்கே காத்திருந்தேன்? பஸ்ஸுக்கா காத்திருந்தேன்? என் பங்கு என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மகள் வீடு கொடுங்கையூரில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில். அந்த வருஷம் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள் கணக்கில் புகைந்தது. அவளுக்கு இருமல் பிடித்து நிற்கவே இல்லை. புத்தகம் எழுதக் கல்லூரியில் விடுப்பும் எடுத்திருந்தாள். மருமகன் அவளையும் மூட்டை மூட்டையாகக் காகிதத்தையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். முதல் மாடி ஹால் முழுக்கப் பரப்பிவிட்டாள். கால் வைக்க இடமில்லை.

"இன்னாம்மா இது, கொருக்குப்பேட்ட கூட்ஸ் யார்டு மாதிரி கீது வூடு?" என்றேன்.

"போலந்து ராஜா கதை நைனா."

"நம்மூர்ல ராஜாவே கெடைக்கலியா ஒனக்கு?"

"நம்ம ராஜாவப் பத்தி எழுத நூறு பேரு கீறாங்க. இவங்களப் பத்தித் தமிழ்ல எழுத ஆளே இல்ல."

என் ரத்தம் அல்லவா! யாரும் இறங்காத இடத்தில் போய்க் கடைக்கால் தோண்டுகிறாள். அதோடு விட்டுவிட்டேன்.

உண்மையில் போலந்து எனக்குப் புதிதில்லை. துறைமுகத்தில் சரக்குக் கட்டுகிற ஆளாக நான் இருந்த காலத்தில் போலந்துக் கப்பல்கள் வரும். ஒரு கப்பலில் கயிறுகளுக்குப் பொறுப்பான ஆள், தாடிக்காரன், நான் இரும்புக் கயிறு பின்னுவதை அரைமணி நேரம் நின்று பார்த்தான். அவன் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவனுக்குத் தெரியாது. கடைசியில் தன் இடுப்பிலிருந்த ஸ்பைக்கை எடுத்து என் கையில் வைத்தான். கயிற்றின் புரிகளைப் பிரித்து வழி உண்டாக்குகிற கூர்மையான இரும்பு அது. நான் ஒரு சீப்பு மலைப்பழம் கொடுத்தேன். அந்த ஸ்பைக் இன்றும் என் பட்டறையில் இருக்கிறது. மகளிடம் இதைச் சொன்னதற்கு, "சூப்பர் நைனா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் காகிதத்துக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் போனது. எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பது அவள் பழக்கம். ஒரு நாள் காலையில் என் மனைவி முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் படித்தாள்: "போலந்து மன்னர் தம் உறவினரான செக் கோமகனை விருந்துக்கு அழைத்து, சிறைப்பிடித்து, அவருடைய பார்வையைப் பறித்தார்."

"உறவினர்னா? இன்னா மொற?" என்றேன்.

"கசின் நைனா."

"கசின்னா? சித்தப்பன் புள்ளையா, பெரியம்மா புள்ளையா, அத்தை புள்ளையா, மாமன் புள்ளையா?"

"இங்கிலீஷ் புஸ்தகத்துல கசின்னுதான் போட்ருக்கு."

"அவன் போடுவான். அவனுக்கு எல்லாம் ஒண்ணு. நீ தமிழச்சிதானே, பாத்துச் சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டே இரண்டு புத்தகத்தைப் புரட்டினாள். "போலந்துக்காரனோட அம்மா செக் ராஜா வூட்டுப் பொண்ணு. அவ கூடப் பொறந்தவனோட புள்ளைதான் இந்தக் கோமகன்."

மூன்று வாரமாகப் போலந்துக் கதை காதில் விழுந்தும் நிமிராத என் மனைவி, அப்போது முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாமன் புள்ளையா? மாமன் புள்ளைய சாப்புடக் கூப்ட்டு கண்ணையா புடுங்கினான், பாவி!"

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உறவினர் என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. மாமன் பிள்ளை என்றால் மீன் கிள்ளுகிறவள் கையும் நிற்கிறது. அன்றைக்கு என் வேலை ஆரம்பித்தது.

பட்டறையிலிருந்து கயிற்றுத் துண்டுகளைக் கொண்டுவந்தேன். தார் பூசிய கறுப்புக் கயிறு செக் வம்சம். வெள்ளை நைலான் போலந்து. நீலம் கீவ். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு துண்டு. கல்யாணம் நடந்த இடத்தில் ஒரு முடிச்சு. ஹால் தரையில் நானும் மகளும் மண்டிபோட்டுப் பரப்பினோம். பேரெல்லாம் என் வாயில் நுழையாது. அதுவும் ஒரே பேரை அப்பன், பிள்ளை, எதிரி எல்லாருக்கும் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பேர் தேவையும் இல்லை. யாருக்கு யார் என்ன முறை என்று தெரிந்தால் போதும்.

கதை இப்படித்தான். போலந்து ராஜா ஒருவன், அப்போது வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேராதவன். பக்கத்துச் செக் ராஜா தன் பெண்ணை அவனுக்குக் கொடுத்தான். பெண் வந்தாள், அவனும் ஞானஸ்நானம் வாங்கினான். மாமனாரும் மருமகனும் சேர்ந்து எதிரிகளை அடித்தார்கள். அந்தப் பெண் செத்துப்போனாள். இவன் ஜெர்மன்காரன் வீட்டில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். முதல் மனைவியின் கூடப்பிறந்தவன் அதற்குள் செக் நாட்டில் ராஜாவாகியிருந்தான். மச்சானும் மச்சானும் நடுவிலிருந்த நிலத்துக்காக முட்டிக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையில், அந்தச் செத்துப்போனவள் பெற்ற பிள்ளை போலந்து ராஜா. மாமன் வீட்டில் அண்ணன் தம்பிச் சண்டை வந்தபோது, நியாயம் பேசுவதுபோல உள்ளே போனான். மாமன் பிள்ளையின் கண்ணைப் பறித்தான். மாமன் உட்கார்ந்த பிராக் நகரத்து நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தான். இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை, துரத்திவிட்டார்கள்.

அதற்கடுத்த தலைமுறையில் செக் ராஜா படையோடு போலந்துக்குள் வந்தான். பொன்னையும் எடுத்தான், ஒரு புனிதரின் எலும்பையும் கல்லறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். அந்தப் புனிதர் பிறந்தது செக் நாட்டில், அடக்கம் போலந்தில். "எங்க ஊரு சாமி, எங்களுக்கே"ன்று தூக்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு பங்குக் கோவில்களுக்கு நடுவில் திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று வருகிற சண்டையைப் பார்த்தவன் நான். எனக்கு இது விளங்கியது.

"ஏம்மா, பைத்தியக்காரப் பசங்களா இவுங்க?" என்றேன். "கண்ணப் புடுங்கினவனுக்கு மாமன் பொண்ண முன்னாடியே கட்டி வெச்சிருந்தா இந்த வம்பே இல்லியே. அத்தை புள்ள உரிமையோட மாமன் வூட்ல வந்து சோறு துன்னுட்டுப் போயிருப்பான். இரு, நானே கட்டி வெக்கிறேன்." வெள்ளைக் கயிற்றையும் கறுப்புக் கயிற்றையும் எடுத்து நானே ஒரு முடிச்சுப் போட்டேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நைனா! அந்தக் கல்யாணத்த திருச்சபையே ஒத்துக்காது. ஏழு தலைமுறைக்கு ரத்த சம்பந்தம் இருந்தா கட்டக் கூடாதுன்னு அப்போ சட்டம்."

"ஏழா?"

"ஏழு. மீறினவங்களும் கீறாங்க. ஆனா பக்கத்து வூட்டுக்கே மாத்தி மாத்திக் குடுத்துகினு இருக்க முடியாது. தூரமாப் போய்த்தான் பொண்ணு தேடணும்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சபைச் சட்டம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல, என் கல்யாணத்தில் தெரிந்தது.

எனக்குக் கயிறு பின்னக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமன். கற்றுக்கொண்டதும் அவர் பட்டறை இருந்த தெருவிலேயே நான் தகரக் கொட்டகை போட்டேன். அவருடைய கப்பல் ஏஜெண்டுகளில் இரண்டு பேர் என் பக்கம் வந்தார்கள். வேலை சுத்தமாக இருந்ததால் வந்தார்கள், நான் கூப்பிடவில்லை. மாமா பேச்சை நிறுத்தினார். கோவிலில் அவர் வலது பக்கம் உட்கார்ந்தால் நான் இடது பக்கம். அவருடைய ஆட்களும் என் ஆட்களும் வார்ஃபில் ஒருவரையொருவர் பார்த்தால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று வருஷம் அப்படிப் போனது. கடைசியில் என் அம்மா தன் அண்ணன் வாசலில் போய் உட்கார்ந்து பெண் கேட்டாள். மாமா கொடுத்தார்.

கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிப் பங்குச்சாமியாரிடம் போனோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று வாசிப்பார்கள் அல்லவா, அதுதான் ஓலை. சாமியார் பேனாவை மூடி வைத்தார்.

"சொந்தத் தாய்மாமன் பொண்ணா? சபைச் சட்டப்படி தடை இருக்கே தம்பி. ஆயர் விலக்கு தரணும். காரணம் எழுதி அனுப்பணும். என்ன காரணம் எழுத?"

"ரெண்டு பட்டறைக்கும் ஆகாது சாமி. இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா யாருக்காவது மண்டை ஒடையும்னு எழுதுங்க."

சாமியார் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தில் என் தாத்தா பாட்டியை மேலே போட்டு, கோடு கோடாக இறக்கி, கடைசியில் என்னையும் அவளையும் போட்டார். "குடும்ப சமாதானத்தை முன்னிட்டு" என்று காரணம் எழுதினார். "இதுக்குக் குடுப்பாங்க" என்றார். கொடுத்தார்கள். எனக்கும் மாமாவுக்கும் அதற்குப் பிறகு ஒரு நாளும் சண்டையில்லை. இரண்டு பட்டறைக்கும் எஃகுக் கயிறு ஒரே லாரியில் வந்து இறங்க ஆரம்பித்தது.

இதை மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து என் மச்சான் வந்துவிட்டார். மாமாவின் மூத்த மகன், என் மனைவிக்கு அண்ணன். மாமா பட்டறை இப்போது அவர் கையில். தரையில் கிடந்த கயிறுகளைப் பார்த்தார்.

"இன்னா மச்சான், கப்பலுக்குக் கயிறு கட்னது பத்தாதுன்னு ராஜா வூட்டுக் கல்யாணத்தயும் கட்ட ஆரம்பிச்சிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்பக் கொடுத்து வாங்காததால்தான் அந்த ராஜாக்கள் உறவு அறுந்துபோயிற்று என்று அடித்துச் சொன்னேன். மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சரி, ஒத்துக்கினேன். உம் பொண்ணு எம் புள்ளைய வேணான்னுச்சே. கூடவே வளந்தோம், மாட்டேன்னு ஒரே புடியா நின்னுச்சே. நாம ரெண்டு பேரும் இன்னா கண்ணையா புடுங்கிகினோம்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த விஷயம் எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிற விஷயமல்ல. அப்போது எனக்கு வந்த கோபம் தெருவுக்கே தெரியும். இப்போது யோசித்தால், அவள் மாட்டேன் என்றதால்தான் படித்தாள், படித்ததால்தான் இந்தப் புத்தகம். என்னைப் போலவே பிடிவாதம். அது என் சொத்து.

ஆனால் மச்சான் கேட்டதற்குப் பதில் வேண்டுமே. நான் தோற்றுப்போகிற ஆளா? கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தேன், பிடி கிடைத்தது.

"மச்சான், கண்ணு பின்னும்போது எத்தினி சொருகல் சொருகுவ?" என்றேன். கயிற்றின் முனையை மடித்துத் திரும்பத் தன் உடம்புக்குள்ளேயே புரி புரியாகச் சொருகி உண்டாக்குகிற வளையத்தைத்தான் எங்கள் தொழிலில் கண்ணு என்போம்.

"அஞ்சு. இது இன்னா கேள்வி?"

"ஒண்ணோட வுட்டா?"

"பாத்தா கண்ணு மாதிரிதான் இருக்கும். லோடு ஏறுனா உருவிக்கும்."

"அதான்யா! அந்த ராஜா பொண்ணு குடுத்தான் பாரு, அது ஒரு சொருகல். அதோட வுட்டான். நமக்கு எங்க கல்யாணம் மொதல் சொருகல். என் பெரிய புள்ளைக்கு ஞானத்தகப்பன் நீ, அது ரெண்டு. எஃகு ஒரே லாரில வருது, அது மூணு. மாமா செத்தப்போ நான் தோள் குடுத்தேன், அது நாலு. வாராவாரம் பூசை முடிஞ்சி நெத்திலி வாசனைக்கு வந்து குந்திகிற பாரு, அது அஞ்சு. எம் பொண்ணு மாட்டேன்னதுல ஒண்ணும் உருவல."

மச்சான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "நெத்திலி ஆச்சாம்மா?" என்றார். அது ஒத்துக்கொண்டதற்கு அடையாளம்.

மகள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். "நைனா, அத இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். அவள் வாழ்க்கையில் என்னிடம் எதையும் இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. போலந்துக்காரன் கொடுத்த அதே ஸ்பைக்கை எடுத்து இரண்டு கண்ணு பின்னினேன். ஒன்றுக்கு ஒரே சொருகல், மற்றதற்கு ஐந்து. மேலே மெழுகு நூல் சுற்றிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கம் தூணில் மாட்டி, இன்னொரு பக்கம் பாரம் இழுக்கிற செயின் பிளாக் போட்டேன். மகளைத் தூரமாகத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். சங்கிலியை இழுக்க இழுக்க ஒரு சொருகல் கண்ணு முதலில் விறைப்பாக நின்றது, நல்ல கயிறு போலவே நின்றது. பிறகு புரி ஒவ்வொன்றாக வழுக்கி, சத்தமே இல்லாமல் உருவிக்கொண்டு விழுந்தது.

"அறுந்து போகலியே நைனா?"

"அறாது. கயிறு நல்ல கயிறுதான். புடிப்புதான் பத்தல. அதுக்குத்தான் சொல்றேன், அந்த ராஜாங்க கெட்டவங்க இல்ல."

ஐந்து சொருகல் கண்ணை இழுத்தேன். சங்கிலிதான் முனகியது. கண்ணு அசையவில்லை. அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினாள். என் பையன்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு அக்காவை வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் நூலகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள். நான் சொன்னேன் என்பதற்காக அப்படியே எழுதிவிடுகிறவள் இல்லை. அதுவும் என் குணம்தான். நானும் ஒரு கயிற்றை இழுத்துப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டேன். கீவ் சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள். அதில் பிந்திய தலைமுறைப் போலந்துக்காரன் ஒருவன் கீவ் ராஜாவின் தங்கையைக் கட்டினான், தன் சொந்தச் சகோதரியை அந்த ராஜாவின் பிள்ளைக்கே கொடுத்தான். கல்யாணத்தை ஒட்டி, முன்பு பிடித்துவைத்திருந்த கீவ் கைதிகளை எல்லாம் திருப்பி அனுப்பினான். "பொண்ணும் குடுத்து பொண்ணும் எடுத்து, ஆளுங்களையும் சீரா அனுப்பிச்சான். மூணு சொருகல்" என்றேன். அது மற்றதைவிட நன்றாகவே பிடித்திருந்தது என்றாள்.

பிறகு ஒரு நாள் மதியம், சோற்றுக்கு முன்னால், முகத்தில் ஒரு மாதிரி சிரிப்போடு வந்தாள்.

"நைனா, ஒன் கணக்கு ஒரு எடத்துல மாட்டிக்கிச்சு. போலந்துல ஒரு கோமகன். அவன் கூடப் பொறந்தவள செக் ராஜாவுக்குக் கட்டிக் குடுத்திருந்தாங்க. அந்த ராஜாவோட முந்தின தாரத்துப் பொண்ண இவன் கட்டிகினான்."

நான் கையில் வைத்திருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்போ கூடப் பொறந்தவ வூட்டுக்காரனோட பொண்ணு. ரத்தம் இல்ல, ஆனா மொறை கீது. அக்கா மவளக் கட்ன மாதிரி!"

"அதேதான். அந்தப் பக்கத்துல நம்ம ஊரு மாதிரியே ஒண்ணு."

"அக்காவா தங்கச்சியா?"

"இன்னாது?"

"கூடப் பொறந்தவ அவனுக்கு அக்காவா தங்கச்சியா? அக்கா மவளா இருந்தா கட்டலாம். தங்கச்சி மவளா இருந்தா மொறை இல்ல."

"தெரியல நைனா. அத யாரும் உறுதியா எழுதி வெக்கல."

"அத்தப் போய் எழுதாம இன்னாத்த சரித்திரம் எழுதினாங்க?" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. சமையலறையிலிருந்து என் மனைவியும், "அதானே!" என்றாள்.

அந்தக் கல்யாணம் என் கணக்குக்கு எதிராக இல்லை என்று நான் வாதாடினேன். அது அதே இரண்டு வீடுகளுக்குள் போட்ட இரண்டாவது சொருகல். அதனால்தான் கொஞ்ச காலம் இரண்டு நாடும் ஒட்டி இருந்தன. மூன்றாவது போடவில்லை, அடுத்த தலைமுறையில் மறுபடியும் உருவிக்கொண்டது. மகள் ஒரு மணி நேரம் என்னோடு மல்லுக்கட்டினாள். உடன்படிக்கை, ஜெர்மன் சக்கரவர்த்தி, வரி என்று வேறு பத்துக் காரணம் சொன்னாள். அதெல்லாம் லோடு, நான் சொல்வது பிடிப்பு என்றேன். சிரித்துவிட்டாள். அத்தியாயத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறாள், நியாயமாகத்தான் எழுதியிருக்கிறாள்.

புகை அடங்கிக் கொடுங்கையூர் திரும்பிப் போனாள். முன்பு கொடுத்திருந்த எங்கள் வீட்டு விலாசத்துக்கே இப்போது இந்தத் தாள் கட்டு வந்திருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பு என்ன தெரியுமா? "ஒரு சொருகல்." அடித்துச் சொல்கிறேன், போலந்தைப் பற்றி எழுதிய எந்தப் புத்தகத்திலும் அந்த வார்த்தை இருக்காது. அது தண்டையார்பேட்டை வார்த்தை. என் பட்டறை வார்த்தை.

உடனே போன் போட்டேன்.

"நன்றிப் பக்கத்துல நான் காத்துகினு இருந்தேன்னு போட்டுகிற?"

"நைனா, அது ஒரு மரியாதைக்குப் போடறது."

"மரியாத வேணாம். செஞ்ச வேலையப் போடு. அஞ்சாம் அத்தியாயம் யாருது?"

"ஆய்வுப் புஸ்தகம் நைனா. எல்லாத்துக்கும் ஆதாரம் காட்டணும். 'எங்க நைனா சொன்னாரு'ன்னு அடிக்குறிப்பு போட்டா சிரிப்பாங்க."

இந்த இடத்தில்தான் மாட்டினாள். தாள் கட்டை நான் வீணாகவா எழுத்துக்கூட்டிப் படித்தேன்? செக் நாட்டு ராஜாக்கள் கதையை முதன்முதலில் எழுதி வைத்தவர் பிராக் நகரத்துப் பெரிய கோவில் சாமியார் ஒருவர். இந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவர் சொன்னார், அவர் சொன்னார் என்று அடிக்குறிப்பு இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே மகள் எழுதியிருக்கிறாள், அந்தச் சாமியார் பழைய விஷயங்களைக் கிழவர்கள் வாயால் கேட்டு எழுதினாராம்.

"அந்தச் சாமியாருக்குச் சொன்ன கெழவனுங்க எந்தக் காலேஜுல படிச்சவங்கம்மா?" என்றேன்.

போனில் அவள் சிரிக்கிறது கேட்டது. சிரித்து முடித்து, "யோசிக்கிறேன் நைனா" என்றாள்.

யோசிக்கட்டும். பக்கத்தில் என் மனைவி, "பெத்த பொண்ணோட மல்லுக்கு நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றாள். மல்லுக்கு நிற்கவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு இருக்கிறது, பட்டறை ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறார், கோவில் மணி அடிக்கிறது. அந்த மணியின் மேல் பேர் வெட்ட வேண்டும் என்று நான் கேட்டதுண்டா? ஏற்றினது யார் என்று ராயபுரத்துக்கே தெரியும், அதனால் கேட்கவில்லை. புத்தகம் அப்படியில்லை. அது எங்கெங்கோ போகும், என்னைத் தெரியாதவர்கள் படிப்பார்கள்.

அதனால் சொல்கிறேன். தாள் கட்டு வரும் திங்கட்கிழமை அச்சகத்துக்குத் திரும்பிப் போகிறது. நன்றிப் பக்கத்தில் "காத்திருந்த" என்ற வார்த்தையை நீல மையால் நானே அடித்துவிட்டேன், என் மனைவிக்கு மட்டும் வேண்டுமானால் அது இருக்கட்டும். ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்குக் கீழே, அந்தச் சாமியாருக்குப் போட்ட அதே அளவு எழுத்தில், ஒரு அடிக்குறிப்பு வேண்டும்: "இந்த விளக்கம் என் தந்தையுடையது. அவர் சென்னைத் துறைமுகத்தில் இரும்புக் கயிறு பின்னியவர்." அதற்குப் பக்கத்தில் என் முழுப் பெயர். இப்போது நான் எழுதிய இந்த விவரத்தில் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. அது முதன்முதலில் அச்சாக வேண்டிய இடம் அந்தப் புத்தகம். போட வேண்டும்.